ஈரத்தில் அடித்த வார்னிஷ்

நான் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நான் செய்த காரியத்தைத் தொழில் தெரியாத ஒருவன் செய்திருந்தால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். பட்டறையில் ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடித்தே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற வாய் இது.

அண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். கண் கெட்டுப்போகிறது என்று தெரிந்ததும் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, டிப்போவில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள். கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறதாம். ஓரப் பார்வை தப்பிக்கும், நேர்ப்பார்வைதான் போகும். கண் டாக்டர் எதையும் மூடி மறைக்கவில்லை. "ஒரு நாள் நீங்க உத்துப் பார்க்குற இடத்துல வெள்ளையா மூடும். பனி மாதிரி. மூடிட்டா அப்புறம் விலகாது" என்றார். எப்போது என்று அண்ணி கேட்டாள். அதை மட்டும் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்த அண்ணன் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். எல்லாம் அவருடைய படை. ஒரு விரல் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் வீரர்கள், கையும் காலும் தலையும் தனித்தனியாகச் சட்டத்தில் கோத்தபடி கிடந்தார்கள். கத்தரித்து, பிசிறைச் சுரண்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து, பெரிய மேசையில் எதிரெதிராக நிறுத்தி, அளவு நாடாவும் பகடையும் வைத்துப் போர் நடத்தும் விளையாட்டு அது. அண்ணன் பல வருடங்களாக வாங்கி வாங்கி அடுக்கினாரே தவிர, பாதிப் பெட்டிகளைப் பிரித்ததுகூட இல்லை. ரிட்டயர் ஆனதும் செய்துகொள்ளலாம் என்பார். இப்போது ரிட்டயர் ஆகும்வரை கண் காத்திருக்காது.

"ஒரே ஒரு தடவைடா. மொத்தப் படையும் கலரோட மேசையில நிக்கறதைப் பார்த்துடணும். அப்புறம் வெள்ளையா மூடினாலும் சரி, கறுப்பா மூடினாலும் சரி" என்றார் என்னிடம்.

அவருடைய எதிராளி டிப்போ கேன்டீன்காரர். இருவரும் எத்தனையோ வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் மோதிக்கொள்கிறவர்கள். பெயிண்ட் அடிக்காத பொம்மை மேசை ஏறக்கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். அதனால் அண்ணன் இதுவரை பாதிப் படையோடு போய் உதை வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்.

அன்றிலிருந்து வீடு மருந்துக் கடைபோல ஆகிவிட்டது. காலி மாத்திரைக் குப்பி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வீரன் ஒட்டப்பட்டிருந்தான். குப்பியைப் பிடித்துக்கொண்டுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும், வார்னிஷ் காயும்வரை பொம்மைமேல் விரல் படக்கூடாது. அண்ணி தெரியாமல் ஒருவனைத் தொட்டுவிட்டு வாங்கிய திட்டு எனக்கே வலித்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்குக் கீழே, தலையைக் கோழிபோலச் சாய்த்து, பார்வை மிச்சமிருக்கும் மூலையைத் தேடிப் பிடித்து அடித்தார். முகங்களெல்லாம் டிப்போ ஆட்கள். தொந்தியுள்ள பீரங்கிக்காரன் டிக்கெட் செக்கர். கொடி பிடிப்பவன் எப்போதும் லீவு கேட்கும் கண்டக்டர். முரசு அடிப்பவன் நான்.

"எனக்கு மூக்கு இவ்வளவு பெருசா?" என்று கேட்டேன்.

"குறைச்சுத்தான் வச்சிருக்கேன்" என்றார்.

கடைசி வீரனின் கடைசிப் பொத்தானையும் அடித்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கேன்டீன்காரர் வருவதாக ஏற்பாடு. மிச்சமிருந்தது வார்னிஷ் மட்டும். அது இல்லாவிட்டால் விளையாடுகிற விரல்களே பெயிண்டைத் தின்றுவிடும். அதுவும் அண்ணன் இப்போது பாதி தடவிப் பார்த்துத்தான் பொம்மையை எடுக்கிறார்.

"வெயில் வரட்டும்டா. வரலைன்னா வார்னிஷ் இல்லாமலே ஆடிக்கலாம். ஈரத்துல மட்டும் அடிச்சுத் தொலைக்காதே" என்று சொல்லிவிட்டு சனிக்கிழமை டிப்போவுக்குப் போனார்.

மதியம் மழை கொஞ்சம் விட்டது. எனக்கு அங்கேதான் கெட்ட நேரம் பிடித்தது. கார் காராக அடிக்கிறவனுக்கு இந்தச் சுண்டைக்காய் பொம்மைகள் என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். பட்டறையில் நான் அடிப்பது சூடான காற்று ஓடும் மூடிய அறைக்குள் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் உறைக்கவே இல்லை. படையைப் பலகையோடு பால்கனிக்குத் தூக்கிப்போய், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி, ஒரே சீராக அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பட்டறையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். பலகையை உள்ளே ஜன்னலோரம் வைத்துவிட்டு ஓடினேன். சாயங்காலம் வந்த அண்ணன், கடைசியாக அடித்த பெயிண்ட் காயட்டும் என்று கிட்டேயே போகவில்லையாம். அண்ணி பிறகு சொன்னாள்.

ஞாயிறு காலை நான் போனபோது அண்ணன் விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு குப்பி. அதன் தலையில் முரசுக்காரன். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"வந்துடுச்சுடா" என்றார்.

"என்னண்ணே?"

"டாக்டர் சொன்னது. வெள்ளையா மூடிடுச்சு."

அவருக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தேன். பச்சைச் சட்டை, சிவப்புக் கச்சை, தவிட்டு நிறக் குதிரைகள், டிக்கெட் செக்கரின் தொந்தி, ஒன்றுமே இல்லை. படை முழுக்க வெள்ளை பூத்திருந்தது. மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்த மாதிரி நின்றார்கள். ஈரம் வார்னிஷுக்குள் சிக்கிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். எனக்குத் தெரியாதா?

"முதல்ல இவனைப் பார்த்தேன். மூஞ்சியே இல்லை. இன்னொருத்தனைப் பார்த்தேன், அவனுக்கும் இல்லை. சரி, கையைப் பார்ப்போம்னு பார்த்தா அதுவும் கலங்கலாத்தான் தெரியுது" என்றார் அண்ணன். கண்ணில் தண்ணீர் நிற்கும்போது யாருக்குத்தான் கை தெரியும்? "இந்தக் கண்ணு ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாடா? ஒரே ஒரு நாள். இன்னிக்குச் சாயங்காலம் மூடியிருந்தா நான் ஏன்னு கேட்டிருப்பேனா?"

அண்ணி அடுக்களை வாசலில் டம்ளரோடு நின்றாள். அவள் பொம்மைகளைப் பார்க்கவில்லை, அவரை மட்டுமே பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"கேன்டீன்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடு. இதையெல்லாம் பெட்டியில போட்டு யாருக்காவது குடுத்துடு. என் கண்ணு முன்னாடி வேணாம்" என்றார் அண்ணன். பிறகு அவரே, "என் கண்ணு முன்னாடி" என்று இன்னொரு முறை சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அப்போது என் புத்தி எங்கே போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாயை மூடிக்கொள் என்றது. அவரே கண் என்று நினைத்துக்கொண்டுவிட்டார், படையைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போய்ப் பட்டறையில் சரி செய்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றது. அவர் இத்தனை மாதங்கள் கண்ணைப் பிழிந்து செய்ததை நான் அரை மணி நேரத்தில் நாசமாக்கியதைச் சொல்வதைவிட அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. வெட்கக்கேடு. ஆனால் அவர் அண்ணியின் புடவையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே உன் மூஞ்சியும் இவ்வளவுதான்" என்றார். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணே, அது உன் கண்ணு இல்லை. நான்தான். நேத்து மழை விட்டப்போ வார்னிஷ் அடிச்சுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். "சும்மா இருடா" என்றார். நான் அவர் கையைப் பிடித்து, கட்டை விரலை வலுக்கட்டாயமாக முரசுக்காரன் முகத்தில் வைத்துத் தேய்த்தேன்.

"பாரு. உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இல்லை? கண்ணு மூடினா பொம்மை எதுக்குச் சொரசொரக்குது?"

விரல் ஒருமுறை தானாகவே தேய்த்துப் பார்த்தது. பிறகு இன்னொரு முறை. அண்ணன் சட்டென்று விளக்கின் கழுத்தைப் பிடித்துத் திருப்பி, பூதக்கண்ணாடியை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். தலையைச் சாய்த்தார். நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தார்.

"மூக்குல நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கு" என்றார்.

"இருக்கும்ணே."

"மீசையில நரை வந்துடுச்சு உனக்கு."

"வந்துடுச்சுண்ணே."

பளாரென்று ஒரு அறை விட்டார். குறி தவறவே இல்லை. வாழ்நாளில் நான் சந்தோஷமாக வாங்கிய ஒரே அடி அதுதான். அண்ணி அப்போதுதான் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "பாவிகளா, ஒரு நிமிஷத்துல என் உயிரை எடுத்துட்டீங்களே" என்று தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஆனால் படை வெள்ளையாகத்தான் நின்றது. அண்ணனின் சந்தோஷம் அந்தப் பக்கம் திரும்பியதும் வடிந்துவிட்டது. "இவனுங்களை மறுபடி அடிக்க எனக்கு எங்கடா நாள் இருக்கு?" என்றார். திட்டினாலாவது தேவலை. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

ஒரு வழி இருந்தது. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மேலே பூசினால் அந்தச் சொரசொரப்பு நிரம்பி, வெள்ளை மறைந்து, அடியில் உள்ள நிறம் திரும்ப எழும்பி வரும். ஆனால் பளபளப்பு என்றாலே அண்ணனுக்கு ஆகாது. போருக்குப் போகிறவன் மிட்டாய் மாதிரி மின்னுவானா என்பார். அன்றைக்கு அவரே தூரிகையை எடுத்து நீட்டினார்.

மூன்று பேரும் உட்கார்ந்து பூசினோம். முதலில் முரசுக்காரனின் மூக்கு வந்தது. பிறகு அவன் கண். கொடிக்காரன் வந்தான், தொந்தி வந்தது. ஒவ்வொருவன் வரும்போதும் அண்ணன் அவன் பெயரைச் சொன்னார். சிலருக்கு முகம் முழுசாக வரவில்லை. குதிரைக்காரன் ஒருவனுக்கு எவ்வளவு பூசியும் கன்னத்தில் வெள்ளை நின்றுவிட்டது. அண்ணன் அவனையும் வரிசையில் வைத்தார்.

"வெயில் காலம் வந்ததும் மேலே மேட் அடிச்சுத் தரேன்ணே. பளபளப்பு போயிடும்" என்றேன்.

"காய்ஞ்ச நாள் பார்த்து. நான் சொல்ற அன்னிக்கு" என்றார்.

கேன்டீன்காரர் வந்து மேசையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஆளுங்க மழையில நனைஞ்சுக்கிட்டே நடந்து வந்தானுங்களா?" என்றார். அண்ணன் என்னை ஒரு முறை முறைத்தார். விளையாட ஆரம்பிக்காமல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மொத்தப் படையும் நின்றது. குனிந்து, தலையைச் சாய்த்து, முன்வரிசையிலிருந்து கடைசிப் பீரங்கிவரை பார்த்தார். கேன்டீன்காரர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல், தன் தரப்பில் எதையோ சரிசெய்வதுபோல நின்றார். புதிதாகப் பெயிண்ட் அடித்த வீரன்தான் முதலில் சாவான் என்று இந்த விளையாட்டுக்காரர்கள் சொல்வார்கள். முதல் சுற்றிலேயே முரசுக்காரன் செத்தான். அண்ணன் சாயங்காலம் வரை ஆடித் தோற்றார். அத்தனை சந்தோஷமாகத் தோற்றவரை நான் பார்த்ததில்லை.

மழைக்காலம் நீண்டுகொண்டே போனது. ஒருவழியாக வானம் வெளுத்து, துணி போட்டால் நிமிடத்தில் காய்கிற மாதிரி ஒரு நாள் வந்தது. அண்ணன்தான் போன் செய்தார். "இன்னிக்கு அடிச்சுடலாம், வா" என்றார்.

புது மேட் டப்பா வாங்கிக்கொண்டு போனேன். பலகை பால்கனியில் தயாராக இருந்தது. வெயில் பட்டுப் படை முழுக்கப் பளபளத்தது. அண்ணன் உள்ளே விளக்குக்குக் கீழே முரசுக்காரனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"டேய், எனக்குத் தெரியாம அடிச்சுட்டியா? வெள்ளையா இருக்கே" என்றார்.

டப்பா என் கையில் இருந்தது. மூடியின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் கிழிக்கவில்லை. முரசுக்காரனின் மூக்கும் கண்ணும் சிவப்புக் கச்சையும் அவ்வளவு தெளிவாக இருந்தன. அடுக்களையில் அண்ணி கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"ஆமாண்ணே, காலையிலேயே வந்து அடிச்சுட்டேன். காத்துல ஈரம் இருந்திருக்கு. கவனிக்கலை" என்றேன்.

அண்ணன் கட்டை விரலை எடுத்து முரசுக்காரன் முகத்தில் வைத்தார். மெல்லத் தேய்த்தார். அது கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. எனக்குத் தெரியும். அவர் விரல் அங்கேயே நின்றது.

பிறகு பெருமூச்சு விட்டார். "அறிவு கெட்டவனே, ஈரத்துல அடிக்காதேன்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்றது? நீயெல்லாம் எப்படிடா கார் அடிக்கிறே?" என்று ஆரம்பித்து, அண்ணி வந்து பக்கத்தில் உட்காரும்வரை திட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் குரல் இரண்டு முறை உடைந்தது. அதையும் திட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்.

"சரி, பளபளப்பு வார்னிஷை எடு. சரி பண்ணலாம்" என்றார் கடைசியில்.

எடுத்துவந்தேன். அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டார். பளபளத்துக்கொண்டிருந்த ஒவ்வொருவனையும் எடுத்து, மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன். ஒவ்வொரு வீரனை முடித்ததும் அண்ணன், "வந்துட்டானா?" என்று கேட்டார். வந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டே போனேன்.