கீழ்த் தட்டு

படகு பாறையை உரசியதும் அவள் தாவி இறங்கினாள். கடல் மட்டத்துக்கு இரண்டு முழம் மேலே துருத்தி நின்ற கீழ்த் தட்டு அது. அங்கே வைத்திருந்த கேமரா நேற்றைய காற்றில் குப்புற விழுந்திருந்தது. நிமிர்த்திவிட்டு வர ஐந்து நிமிடம் போதும் என்று கொழுந்தனிடம் சொல்லியிருந்தாள்.

அவள் நீர்க்காகங்களை ஆராய்பவள். இந்தப் பாறையில் இருந்தவை சின்ன இனம். சிவப்புக் கண், நெற்றியில் குட்டிக் கொண்டை. ஆழ்கடல் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், கரையோரத்தில் முக்குளித்துப் பாசிக்குள் ஒளியும் விரல் நீள மீன்களைப் பிடிப்பவை. மேல் தட்டில் முப்பத்துநான்கு கூடுகள் இருந்தன. காய்ந்த பாசி, சுள்ளி, அறுந்த வலைக்கயிறு எல்லாம் எச்சத்தால் இறுகியிருந்தன. உள்ளே இறகே முளைக்காத கறுப்புக் குஞ்சுகள். தாய் எழுந்தால் வெயில் சுட்டுவிடும். அதற்கு முன்பே, குஞ்சு தின்னும் வெள்ளைக் கடற்காகங்கள் கொத்திவிடும். போன வருடம் யாரோ நாலு பேர் படம் எடுக்க மேலே ஏறியதில், கால் மணி நேரத்துக்குள் பத்தொன்பது கூடுகள் காலியாகின. அதன்பிறகு யாரும் மேலே ஏறக்கூடாது என்று விதி எழுதியவளே அவள்தான்.

படகு ஓட்டும் கொழுந்தன் வாய் ஓயாதவன். இந்தப் பறவைகள்மேல் காட்டும் பாசத்தில் பாதியை அண்ணனிடம் காட்டினால் அவன் உருகியே போவான் என்று வழியெல்லாம் கிண்டலடித்துக்கொண்டு வந்தான். அவன் படகைத் திருப்பும்போது எஞ்சின் இருமி நின்றது.

"அண்ணி, விசிறியில பாசி சுத்திக்கிச்சு. அறுத்துட்டு வந்துடறேன். எங்கயும் போயிடாதீங்க."

எங்கே போவது? நீரோட்டம் படகைத் தள்ளிக்கொண்டு போனது. அவன் துடுப்பை எடுப்பதற்குள் கூப்பிடு தூரம் தாண்டி விலகிவிட்டான்.

காற்று திரும்பியது. முதல் அலை அவள் கணுக்காலை நனைத்தது. சற்று நேரத்தில் முழங்கால். பாறை வெடிப்பில் விரல்களைச் செருகி நின்றாள். மேலே பறவைகள் கழுத்தை நீட்டி அவளையே பார்த்தன. வெயிலில் அவற்றின் தொண்டைத் தோல் படபடத்தது. பாறை விளிம்பில் ஏழு கடற்காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அடுத்த பெரிய அலை கேமராவை வாரிக்கொண்டு போனது. அதற்கடுத்தது அவளைக் கீழே சாய்த்தது. முழங்கால் கிழிந்தது. இன்னொன்று வந்தால் தானும் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வயிற்றால் ஊர்ந்து மேலே ஏறினாள். விரற்கடை விரற்கடையாக, தலையைத் தூக்காமல். இரண்டு பறவைகள் மட்டும் எழுந்து பறந்தன. மற்றவை அமர்ந்தே இருந்தன.

அவை விட்டுப்போன இரண்டு கூடுகளில் பக்கத்தில் இருந்ததன்மேல் தொப்பியை மெல்ல வைத்து மூடினாள். மற்றது கைக்கு எட்டவில்லை. ஒரு கடற்காகம் நடந்துதான் வந்தது, அவசரமே இல்லாமல். கையை வீசினால் அது பறந்துவிடும். கூடவே முப்பத்திரண்டு தாய்ப்பறவைகளும் எழும். மிச்ச ஆறும் இறங்கும்.

அவள் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். முதல் குஞ்சு. இரண்டாவது. மூன்றாவதை விழுங்கும்போதும் கண்ணை மூடவில்லை.

கொழுந்தன் திரும்பி வந்தபோது அவள் மேலே கிடப்பதைத் தூரத்திலேயே கண்டுகொண்டான். எஞ்சினை அணைத்துவிட்டான். வாயும் திறக்காமல் துடுப்பு போட்டே பாறையின் மறைவான பக்கம் வந்து சேர்ந்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு அவள் வழுக்கி இறங்கினாள். படகு நகர்ந்ததும் ஒரு பறவை வந்து அந்தக் கூட்டில் அமர்ந்தது.

தன் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான். கடற்காகம் குஞ்சுகளைத் தின்றதை அவள் சொன்னாள்.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே அண்ணி. அது ஓடிப் போயிருக்கும்."

"எல்லாமே ஓடிப் போயிருக்கும்."

அன்றைய அறிக்கையில் ஒரு கூடு அழிந்தது என்றும், அதற்குத் தானே காரணம் என்றும் எழுதினாள். குஞ்சுகள் பறக்கும்வரை ஆராய்பவர்களும் கீழ்த் தட்டில்கூடக் கால் வைக்கக்கூடாது என்று சேர்த்தாள். மேலதிகாரி காரணத்தைக் கொஞ்சம் மழுப்பி எழுதலாமே என்றார். அவள் மாற்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, தூரத்தில் நின்ற படகிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தாள். காலியான கூட்டில் ஒரு பறவை ஈரப் பாசியைக் கொண்டுவந்து வைக்க, இணை அதை வாங்கி ஓரத்தில் செருகியது. என்ன தெரிகிறது என்று கொழுந்தன் இரண்டு தரம் கேட்டான். தொலைநோக்கியை அவனிடம் நீட்டினாள்.