ஊதுவள்ளத்துக்கு எண்ணெய்

என் மனைவி ஞானபாய் ஆற்றில் மூழ்கி இறந்தாள் என்பது தேங்காய்ப்பட்டணம் முழுவதும் அறிந்தது. எங்கள் படகு ஏன் நடு ஆற்றில் பிரிந்தது என்பது நாலு வருஷம் கழித்து எனக்கு மட்டும் தெரியவந்தது. அதை ஒருவரிடம் சொல்ல வேண்டும். அவரிடம் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

அவள் மிஷன் மருந்துச்சாலையில் மருத்துவச்சி. நான் பக்கத்து ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை; ஊரில் தவழ்ந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. ஆறு கடலில் சேரும் பொழிக்கு அக்கரையிலும் குடியிருப்புகள் உண்டு. வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் பொழி உடைந்து வெள்ளம் கடலுக்குப் பாயும்போது, ஆட்களை அக்கரை சேர்க்கும் கடத்துவள்ளத்தைக் கரையேற்றிவிடுவார்கள். அந்த நாட்களில் அக்கரையில் வலி கண்டவளுக்கு இக்கரையிலிருந்து யாரும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. ஒரு மழைக்காலத்தில் இரண்டு பெண்கள் அப்படியே இறந்துபோனார்கள். ஞானபாய் அதற்காக அழுதாள். அவள் எளிதில் அழுகிறவள் அல்ல.

மருந்துச்சாலை டாக்டர் துரை சீமைக்குத் திரும்பும்போது, தூண்டில் போடுவதற்காகத் தருவித்திருந்த படகை அவளிடம் விட்டுப்போனார். தடித்த கான்வாசில் உள்ளும் புறமும் ரப்பர் பூசியது. சுற்றிலும் ஒரு ஆளின் தொடை கனத்தில் குழாய். துருத்தியை மிதித்துக் காற்றடித்தால் முட்டை வடிவில் எழும்பி நிற்கும். காற்றை இறக்கிச் சுருட்டினால் ஒரு தலைச்சுமை. ஊரார் அதற்கு ஊதுவள்ளம் என்று பெயர் வைத்தார்கள். ரப்பருக்கும் வயதாகும், நாலைந்து வருஷம் தாங்கினால் அதிகம் என்றார் துரை. வெயில் படக்கூடாது, மடித்த இடத்திலேயே மறுபடி மடிக்கக்கூடாது, உலர்த்தித் தூள் தூவி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஓட்டை விழுந்தால் ஒட்டுவதற்கு ஒரு தகர டப்பாவில் ரப்பர் துணியும் பசையும் தந்தார். பள்ளிக்கூடத்தில் மிஞ்சும் சாக்பீஸ் துண்டுகளை இடித்து நான் தூள் கொண்டுவருவேன்.

ஊரே அண்ணன் முறைக்குக் காக்கா என்று அழைக்கும் கமருதீனை நாங்கள் அறிந்தது அந்தத் தூளால்தான். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மீன்பிடி வள்ளம் ஒன்று அவருக்கு இருந்தது. எங்கள் முற்றத்தில் வெள்ளை பூசிக் கிடந்த படகைப் பார்த்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்.

"சாரே, இது வள்ளமா, புட்டா? தேங்கா திருவிப் போட்டா அவிச்சிரலாம் போல இருக்கே."

"அவிச்சா முதல் துண்டு காக்காவுக்குத்தான்," என்றாள் ஞானபாய்.

அடுத்த மழையில் அந்தப் புட்டுதான் அவர் வீட்டுக்கு உதவியது. அவர் மனைவி ஹமீதா பீவி பிரசவத்துக்கு அக்கரையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்த அன்றே இறந்திருந்தன. வெள்ளத்தில் கடத்துவள்ளம் நின்றுபோன நாளில் நானும் ஞானபாயும் ஊதுவள்ளத்தில் கடந்தோம். அது நீரின்மேல் சருகு போலத் துள்ளிப் போயிற்று, ஒரு கை தண்ணீர் உள்ளே வரவில்லை. பிள்ளை பிழைத்தது. யாக்கூப் என்று பெயரிட்டார்கள். அதற்குப் பிறகு கமருதீன் காக்கா அந்தப் படகைக் கேலி செய்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அது கிடக்கும் வீட்டோரச் சாய்ப்புக்குள் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

மூன்றாம் வருஷம் மடிப்புகளில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. பித்தவெடிப்பு போல, நகம் நுழையாத அளவுக்கு. ஞானபாய் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினாள். இது போனால் வெள்ளத்தில் நேரத்துக்கு அக்கரை சேர வேறு வழியில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு இடங்களில் டப்பாத் துணியை ஒட்டினோம். மற்ற இடங்களில் காற்று கசியவில்லை.

இடவ மாதம் பிறக்கும் முன் கமருதீன் காக்கா வந்து கீறல்களைப் பார்த்தார். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. வள்ளம் என்றால் வருஷம் ஒருமுறை சுறா ஈரலெண்ணெய் குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் பலகை வெடிக்கும், தையல் கயிறு இற்றுப்போகும். இந்தக் கடற்கரையில் அதை அறியாதவர் இல்லை.

"உணங்கிப் போச்சு தங்கச்சி. மூணு வருஷமா ஒரு சொட்டு எண்ணெ காட்டாம வச்சிருக்கிய. எந்த வள்ளம் தாங்கும்?"

மறுநாள் தன் வள்ளத்துக்கென்று உருக்கி வைத்திருந்த எண்ணெயில் நல்லதைப் பானையோடு கொண்டுவந்தார். சாக்பீஸ் தூளைத் துடைத்தெடுத்து, தென்னஞ்சவுரி நாரில் தொட்டு, குழாய் முழுவதும் தேய்த்தார். ஒட்டுப்போட்ட இடங்களில் இரண்டு கை கூடுதலாக. ஒரு பூச்சு ஊறிய பின் அடுத்தது என்று மூன்று பூச்சு. அவர் வள்ளத்துக்குக்கூட இரண்டுதான் என்று ஹமீதா பீவி பிறகு சொன்னாள். வீடெல்லாம் நாற்றம், ஞானபாய் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தாள்.

கீறல்கள் மூடிக்கொண்டன. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். வெளிறிக் கிடந்த ரப்பர் கறுத்து, மினுங்கி, குழந்தையின் கன்னம் போல மெத்தென்று ஆயிற்று. ஞானபாய் விரலால் அழுத்தினாள், குழி சற்று நேரம் நின்றது. எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கிறது என்று காக்கா சொன்னார். நாங்கள் மூவரும் சந்தோஷமாக இருந்தோம்.

மழை பிடித்த பிறகு ஒரு பிற்பகலில் அக்கரையில் நேசம்மாள் என்ற பெண்ணுக்கு வலி கண்டு நீண்டுவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அவன் ஆற்றின் மேலே வெகுதூரத்தில் இருக்கும் பாலம் சுற்றி விடியலிலிருந்து நடந்து வந்திருந்தான். அதற்குள் பொழுது மிகவும் போயிருந்தது. படகை ஆற்றோரம் சுமந்துபோய்க் காற்றடித்தேன். அக்கரையில் ஒருவன் துண்டை வீசிக்கொண்டு நின்றான். ஆற்றிரைச்சலில் குரல் எட்டவில்லை.

"சீக்கிரம் வரச் சொல்லுதான் பாருங்க," என்றாள் ஞானபாய். "ஏறுங்க."

அவன் எங்களை வரவேண்டாம் என்று வீசியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பிள்ளை பிறந்து, தாயும் சுகமாக இருந்தாள்.

பாதி ஆற்றுக்குமேல் வந்தபோது எனக்கு முன்னால் குழாய் தளர்ந்தது. ஒட்டுப்போட்ட துணி, வெந்த மரச்சீனிக் கிழங்கின் தோல் உரிவது போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதனடியில் ரப்பரே குழைந்திருந்தது. ஞானபாய் மருந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் அந்த இடத்தை அழுத்தினாள். அழுத்திய இடத்துக்குப் பக்கத்தில் தையல் திறந்தது. காற்று அவள் முகத்தில் அடித்து முன்மயிர் பறந்தது. மீனெண்ணெய் நாற்றம் வீசிற்று.

"கேட்டியளா, கைக்கு நிக்கல்ல," என்றாள். பயந்த குரலில் சொல்லவில்லை. பிரசவ அறையிலிருந்து என்னிடம் வெந்நீர் கேட்கும் குரலில் சொன்னாள். நான் கேட்ட கடைசிப் பேச்சு அது. படகு ஈரச் சாக்கு போல மடிந்து எங்களைச் சுற்றிக்கொண்டது. வெள்ளம் என்னைப் பொழி மணலில் எறிந்தது. அவளை இனயம் என்ற பக்கத்து ஊரின் கடற்கரையில் எடுத்தார்கள்.

கமருதீன் காக்கா தன் வள்ளத்துக்கென்று அறுத்து வைத்திருந்த அயினி மரப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அவள் பெயரை நானே செதுக்கினேன். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவள் தலைமாட்டில் அது நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் மழைக்குமுன் காக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அந்தப் பலகைக்கு எண்ணெய் பூசுவார். பூசிக்கொண்டே ஒன்றைச் சொல்லுவார்.

"அண்ணைக்கு இன்னும் ஒரு பூச்சு போட்டிருக்கணும் சாரே. என் கை சுருங்கிப்போச்சு."

நான் நெடுநாள் அதைக் கேட்டுக்கொண்டு, படகுக்கு வயதாகிவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவந்தேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

சென்ற மேட மாதத்தில் வீடு மாறுவதற்காகத் தகரப்பெட்டியைத் திறந்தேன். கரை ஒதுங்கிய படகிலிருந்து ஒரு துண்டு அறுத்து அதில் வைத்திருந்தேன். அது கீல் போல உருகிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்தது. அதன் பக்கத்திலேயே துரையின் டப்பா. அதற்குள் மிச்சமிருந்த ரப்பர் துணி, சாக்பீஸ் தூளுக்குள், புதிதாக வந்தது போல இருந்தது. இழுத்தேன், நீண்டு திரும்பியது. இரண்டும் ஒரே வயது. அதே ரப்பர்தான் என்று துரை சொல்லித் தந்த துணி.

வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. அந்தத் துணியை இரண்டாகக் கிழித்து ஒன்றில் மீனெண்ணெய் தேய்த்து, இரண்டையும் சாய்ப்பில் தொங்கவிட்டேன். எண்ணெய் படாதது அப்படியே இருந்தது. எண்ணெய் பட்டது முதலில் உப்பி, கறுத்து, அழகாக மெத்தென்று ஆயிற்று. பின் ஒருநாள் தொட்டபோது என் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்தது, விரலோடு ரப்பரும் வந்தது.

துரை எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படகுக்கு எண்ணெய் ஊட்டும் ஊரென்று அவர் அறிந்திருந்தால் சொல்லியிருப்பார். கோபப்பட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. யாராவது ஒருவர் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வருஷமும் காக்கா வந்தார். எண்ணெய் பட்ட அந்தத் துண்டு என் சட்டைப்பையில் இருந்தது. சொல்லிவிடுவது என்றுதான் கொண்டுபோயிருந்தேன். நாலு வருஷ மழையிலும் உப்புக்காற்றிலும் அயினிப் பலகை ஒரு வெடிப்பு இல்லாமல் கறுத்து நின்றது. அவர் குந்தி உட்கார்ந்து எண்ணெயைத் தொட்டுத் தொட்டு, ஞானபாய் என்ற எழுத்துகளின் குழிக்குள்ளும் விரல்விட்டுத் தேய்த்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். படகுக்கு வயதாகிவிட்டது என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் பலகையின் மேல்விளிம்பைப் பார்த்தேன்.

"மேல்விளிம்பு விட்டுப்போச்சு காக்கா," என்றேன்.

அவர் எழுந்து மேல்விளிம்பைத் தேய்த்தார். நான் எண்ணெய்ப் பானையைப் பிடித்துக்கொண்டேன்.