ஆறாம் மாடித் துடக்கு

ஒரு நிமிட வேலை என்றுதான் தியாகராசா ஆறாம் மாடிக்கு ஏறினார். கோட் டே நேஜ் பகுதியில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்துப் பழுது பார்ப்பது அவர் தொழில். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள்; வேலை செய்யவும் கூடாது, பிறரை ஏவவும் கூடாது. அன்றைக்கு ஆறாம் மாடியில் இருக்கும் யூதரான காட்ஸ் கிழவர் இதைச் செய் என்று வாய் திறந்து கேட்கமாட்டார். "இண்டைக்கு வீடு சரியான குளிர்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நேராகக் கேட்டால் என்ன குறைந்துபோகும் என்று தியாகராசாவுக்கு எப்போதும் எரிச்சல். ஆனாலும் வெளியே மைனஸ் இருபத்தைந்து. ஹீட்டரைத் திருகிவிட்டு இறங்கினாலும் அண்ணனின் செத்தவீட்டுக்கு நேரம் இருந்தது.

ஹீட்டரைத் திருகிவிட்டு அவர் நிமிர்வதற்குள் வெளியே அழுகைச் சத்தம். யாரோ கதவில் தட்டி, பக்கத்து வீட்டுக் கிழவி போய்விட்டாள், திறக்காதே என்று கத்தினான். காட்ஸ் கதவைப் பூட்டிக் கீழ் இடுக்கில் துவாயைத் திணித்தார். பிறகு கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு.

"நான் போகவேணும், முசியே."

"ஏலாது. நான் கோஹேன். எங்கட பழைய கோயிலில பூசை செய்த வம்சம். பிணம் கிடக்கிற கூரைக்குக் கீழ நான் நிக்கக்கூடாது, தீட்டு. கதவு திறந்தால் அந்தக் கூரையும் இந்தக் கூரையும் ஒண்டு."

"எப்ப தூக்குவினம்?"

"ஓய்வுநாளில தூக்கமாட்டினம். பொழுதுபட."

"துடக்கு எங்களுக்கும் இருக்கு. அதுக்காக ஆளைப் பிடிச்சு அடைச்சு வைக்கிறேல்லை. உங்கட கோயில் எங்க?"

"எரிச்சுப்போட்டாங்கள். ரெண்டாயிரம் வரியமாகுது."

"கோயிலும் இல்லை, பூசையும் இல்லை. பேந்தென்ன குருக்கள்?"

காட்ஸ் கதவை விட்டு விலகாமலே கையை நீட்டினார். பக்கத்து மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முன்னொரு காலம் பிரான்சில் இருந்த ஓர் அறிஞர், இப்போதைய குருமார் எல்லாருமே தீட்டுப்பட்டவர்கள்தான், புதிதாகப் படுவதில் என்ன என்று எழுதினாராம். மற்ற அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம். செத்துப்போன மனிதர்கள் சண்டை பிடித்து முடியும்வரை நான் இங்கே இருப்பதா என்று தியாகராசா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறு மாடிப் பள்ளம். வெக்கை ஏற ஏற அந்த அறை பெட்டிபோலச் சுருங்கியது. கிழவனைத் தள்ளிவிட்டுப் போகலாம். தள்ளினால் பொலிஸ் வரும், பிறகு ஆர் சொல்லை நம்புவான்?

செல்போன் அடித்தது. செத்தவீட்டு மண்டபத்தில் நின்ற கூட்டாளி சண்முகலிங்கம்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? ரெண்டு மணிக்குப் பெட்டியை மூடப்போறாங்கள்! ஐயர் வேற முறைக்கிறார்."

"ஒரு வீட்டுக்குள்ள மாட்டுப்பட்டுப்போனன்."

"இண்டைக்குமோ வேலை? கொள்ளியை நானோ வைக்கிறது?"

போனை வைத்தபோது காட்ஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு உயிரைக் காப்பாத்தவெண்டால் எந்தச் சட்டமும் தள்ளி நிக்கும். உங்கட அவசரம் உயிருக்கோ?"

உயிருக்குத்தான், ஓம் என்று சொன்னால் போதும், கதவு திறக்கும். இதிலும் ஏதோ பொறி இருக்கும் என்று தியாகராசா நினைத்தார். ஆனால் அண்ணன் கிடக்கும் நாளில் பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"இல்லை. செத்த ஆளுக்கு. என்ர அண்ணன்."

காட்ஸ் புத்தகத்தை மூடினார். "அவருக்குப் பிள்ளைகள்?"

"கலியாணமே கட்டேல்லை."

"வேற சகோதரம்?"

"நான்தான். என்ன விசாரணை இது?"

"அடக்கம் செய்ய ஆளில்லாத பிணமெண்டால், தலைமைக் குருவே தீட்டுப்பட்டு அதை அடக்கவேணும். அது கட்டளை. உங்கட அண்ணனுக்கு அது பொருந்துமோ எண்டு கேட்டால் எங்கட ஆக்கள் பொருந்தாது எண்டுதான் சொல்லுவினம்."

தியாகராசா பூட்டில் கை வைத்தார். கிழவர் அந்தக் கையை விலக்கினார்.

"நீங்கள் திறந்தால் பழி உங்களுக்கு. விடுங்கோ, அவருக்கு உங்களை விட்டால் ஆளில்லை; நான் திறக்கிறன்."

துவாயை இழுத்தெடுத்துக் காட்ஸ் தானே கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டு வாசலில் நின்ற சனம் அவரைக் கண்டு பின்வாங்கியது. ஒருவன் அவர் பெயர் சொல்லி, கதவை மூடு என்று அதட்டினான். தியாகராசா நன்றிகூடச் சொல்லவில்லை. இன்னொரு சட்டம் நினைவு வந்து கிழவன் மறுபடி பூட்டிவிடுவானோ என்ற பயத்தில், திரும்பிப் பார்க்காமல் படிகளில் இறங்கி ஓடினார்.