தொண்டைக் கட்டியை எடுப்பதற்கு முந்தைய நாள்

படுக்கை காலியாக மதியம் ஆகும் என்றார்கள். அதுவரை நடைவழியில் உட்காரப் பிடிக்காமல், மருத்துவமனையின் பழைய கட்டடத்திலிருந்த அறுவை சிகிச்சை அருங்காட்சியகத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அந்தக் காலத்தைப் பார்த்தால் இந்தக் காலத்தின் மேல் நம்பிக்கை வரும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் போட்ட கணக்கு, வேறெப்படி இருக்கும்!

அம்மா தெருத்தெருவாகக் காய்கறி கூவி விற்பவள். நாளை காலை அவள் தொண்டையிலிருக்கும் கட்டியை எடுக்கப்போகிறார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரம்பம். மரக் கைப்பிடி கறுத்து வழவழத்திருந்தது.

"என்னடி எழுதியிருக்கு?"

பேருந்துப் பலகையிலிருந்து மாத்திரை அட்டை வரை அவளுக்குப் படித்துச் சொல்வது நான்தான். பழக்கத்தில் வாய் படித்துவிட்டது. "மயக்க மருந்து வராத காலத்தில் கால் எடுக்கப் பயன்பட்டது."

அம்மாவின் கை தொண்டைக்குப் போனது.

அடுத்து ஒரு படம். மேசையில் கிடந்தவனை நான்கு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். இந்த முறை எழுதியிருந்ததை அப்படியே படிக்கவில்லை. "நோயாளிக்கு ஆறுதல் சொல்றாங்களாம்" என்றேன்.

"படிக்கத்தாண்டி தெரியாது, கண்ணுமா நொள்ளை? வாயில துணிய அடைச்சா ஆறுதல் சொல்லுவாங்க? வா, வீட்டுக்குப் போலாம். கட்டி அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

"மூச்ச அடைச்சிரும்மா."

"அதையும் நீதானே படிச்சுச் சொன்ன? எத முழுங்கினியோ!"

கெஞ்சிக் கூத்தாடி வார்டுக்கு இழுத்து வந்தேன். இளம் டாக்டர் வந்து, "எல்லாம் நல்லபடியா முடியும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கழுத்து அவங்களோடது. அவங்களப் பார்த்துச் சொல்லுங்க. என்ன தப்பாப் போகலாம்னும் சொல்லுங்க." பக்கத்துப் படுக்கைக்காரி எழுந்து உட்காரும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் எதிரே உட்கார்ந்தார். "மயக்கம் குடுத்துருவோம்மா, வலி தெரியாது. ஆனா குரல் நரம்பு கட்டிய ஒட்டிப் போகுது. பத்திரமா ஒதுக்கத்தான் பார்ப்போம். சிலருக்குக் குரல் கம்மிடும். ரொம்பச் சிலருக்குத் திரும்பி வராது."

நானே கேட்டு வாங்கிய பதில். அம்மா எழுந்து போய்விடுவாள் என்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூவித்தான்யா சாப்பிடறேன்."

"தெரியும்மா. விட்டா மூச்சுக்கு ஆபத்து."

அம்மா என் பக்கம் கையைக் காட்டி, "இவள மாதிரி நீங்க பூசி மெழுகல. எடுங்க" என்றாள்.

அன்று மாலை முழுக்க அவள் வாய் ஓயவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரியிடம் என் வண்டவாளத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். மற்ற நாளாயிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று ஒரு வார்த்தையைத் தவறவிடவும் பயமாக இருந்தது.