சாண்டா போடாத கையெழுத்து

ஹோரியா விளாடொயானு ருமேனியாவின் அதிபரானதே மனைவி சாண்டாவால்தான் என்று புகாரெஸ்ட்டில் டாக்சி ஓட்டுபவர்கூடச் சொல்வார். அதில் பொய்யில்லை. ஹோரியா அணைக்கட்டுப் பொறியியல் பேராசிரியர். வாயைத் திறந்தால் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். சாண்டா வானொலி நாடக நடிகை. நாட்டில் பாதிப் பேருக்கு அவள் குரல் பழக்கம். பிரய்லா நகரில் மழையோடு நடந்த பிரசாரக் கூட்டத்தில் அவர் பேச வந்ததை மறந்து விழித்தபோது, பின்னாலிருந்து அவள், "வெள்ளத்தைப் பத்திச் சொல்லு ஹோரியா! வீட்டுல எந்நேரமும் அதைத்தானே பேசுவே!" என்றாள். மைக் அதைப் பிடித்துக்கொண்டது. கூட்டம் சிரித்தது. அவரும் வெட்கத்தோடு சிரித்தார். இப்படிப்பட்ட பெண்டாட்டியோடு குடித்தனம் நடத்துகிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று சனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் டொய்னா. அதிபருக்குச் செய்தித் தொடர்பாளர் வேலை. காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வீட்டுப் பகுதிக்குப் போய், அன்றைய பத்திரிகைச் செய்திகளை அவருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வருஷத்தில்தான் வீட்டுப் பேச்சு வெளியே போக ஆரம்பித்தது. 'காலைக்குரல்' என்ற பத்திரிகையில் முதலில் சின்னச் சின்னதாக வந்தது: அவருக்கு டை எடுத்து வைப்பது சாண்டா, அவர் சிகரெட்டை ஒளித்து வைப்பது சாண்டா. படித்தவர்கள் ரசித்தார்கள். பிறகு தொனி மாறியது. சுகாதார அமைச்சரைத் தூக்கச் சொன்னது சாண்டாவாம். ஆஸ்பத்திரிகளை மூடச் சொன்னதும் அவளாம். சந்தையில் தக்காளி வாங்கும்போது என் காதிலேயே விழுந்தது. "அதிபர் பாவம்யா, நல்ல மனுஷன். மேடம்தான் ஆட்டி வைக்குது!"

"வீட்டுக்குள்ள எவனோ இருக்கான், டொய்னா. கண்டுபிடி" என்றார் அதிபர்.

எனக்கு இரண்டு பேர்மேல் சந்தேகம். ஒருவர் செயலகத் தலைவர் நிகுலாய். சாண்டா உள்ளே வந்தால் அவர் பேச்சு பாதியில் நிற்கும். இன்னொருத்தி சமையல்காரி வேத்தா. அவள் மருமகனுக்குக் காலைக்குரல் அச்சகத்தில் வேலை. சாப்பாட்டு மேசைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு மெல்லிய கதவுதான். உண்மையைச் சொன்னால், சாண்டாமேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. நடிப்பிலேயே வாழ்ந்தவளுக்குத் தன்னைப் பற்றி ஊர் பேசுவது பிடிக்காமலா போகும்?

அவளே ஒருநாள் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள்.

"என்மேலயும் சந்தேகம்தானே உனக்கு?"

"அப்படியெல்லாம் இல்ல, மேடம்..."

"மழுப்பாத. உன் இடத்துல நான் இருந்தாலும் சந்தேகப்படுவேன். ஒரு வலை போட்டுப் பாப்போம். வேத்தா காதுல ஒரு பொய், நிகுலாய் காதுல ஒரு பொய். எது அச்சுல வருதோ, அவங்கதான் ஆளு."

வேத்தாவிடம், தனக்குக் கடலோரத்தில் தனி மாளிகை வேண்டும் என்று புலம்பினாள். நிகுலாயிடம், பாரிஸ் தூதரை மாற்றச் சொல்லப்போவதாகச் சொன்னாள். நான் ஒவ்வொரு காலையும் காலைக்குரலை வரி வரியாகப் படித்தேன். கடலும் வரவில்லை, பாரிஸும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஓய்வூதியக் குறைப்புச் சட்டம் அதிபரின் மேசைக்கு வந்தது. அவர் திருப்பி அனுப்புவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'கையெழுத்துப் போடலேன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன் – அதிபரை மிரட்டிய மனைவி.'

பத்திரிகையை எடுத்துக்கொண்டு சாண்டாவிடம் ஓடினேன். அவள் படித்தாள். முகத்தில் இருந்த நிறமெல்லாம் போய்விட்டது.

"இதை நான் சொன்னேன், டொய்னா."

"மேடம்?"

"சொன்னது நிஜம். ஆனா இப்படி இல்ல. 'நீ கையெழுத்துப் போட்டேன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்'னு சொன்னேன். யாரோ அதைத் தலைகீழா மாத்திருக்காங்க."

"யார்கிட்ட சொன்னீங்க?"

அவள் பத்திரிகையை நாலாக மடித்தாள். ஏரிப்பக்கம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓட்டுநரை இறங்கி நிற்கச் சொல்லிவிட்டு, கணவரிடம் மட்டும் பேசிய பேச்சு அது என்று பிறகுதான் சொன்னாள்.

நான் நம்பவில்லை. அவள் நடிகை. முகத்தின் நிறத்தைக்கூட அவளால் மாற்ற முடியுமோ என்று தோன்றியது. ஆனால் என் அறைக்குத் திரும்பியதும் பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். அமைச்சர், ஆஸ்பத்திரி, இப்போது ஓய்வூதியம்: சனங்கள் அதிபர்மேல் கோபப்பட வேண்டிய ஒவ்வொரு முறையும், கோபம் கிளம்பும் முன்பே சாண்டாவைப் பற்றி ஒரு கதை வந்திருந்தது.

மறுநாள் காலை மேசையில் அதிபர் ரொட்டியில் பிளம் ஜாம் தடவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் அவரே ஆரம்பித்தார்.

"வேத்தாவை அனுப்பிடலாம்னு இருக்கேன். அவ மருமகன் அங்கதானே வேலை பாக்குறான்?"

வேத்தா கதவருகே காபிப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். "ஐயா, என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லைங்க!" என்று அழ ஆரம்பித்தாள்.

"நீ உள்ள போ, வேத்தா. உன்னை யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றாள் சாண்டா. கதவு மூடியதும் கணவரைப் பார்த்தாள். "கார்ல நாம ரெண்டு பேர்தான் இருந்தோம், ஹோரியா."

அவர் கத்தியை வைத்தார். மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. என்னை வெளியே போகவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் புரியாதது.

"உன்னை எல்லாருக்கும் பிடிக்கும், சாண்டா" என்றார் பாடம் நடத்தும் குரலில். "உன்னைத் திட்டினா திட்டி ஓஞ்சுடுவாங்க. நீ தேர்தல்ல நிக்கலையே. என்னைத் திட்டினா நான் காலி. தண்ணி எங்கயாவது வழிஞ்சுதானே ஆகணும்? வழியறதுக்கு ஒரு மதகு வேணும்."

"அந்த மதகு நானா?"

"நமக்காகத்தான்."

"நமக்காகன்னு சொல்லாத. கேக்கவே அருவருப்பா இருக்கு."

அவள் எழுந்து போனாள். அன்று மதியமே பிரய்லாவுக்கு, அக்கா வீட்டுக்கு, ரயிலேறிவிட்டாள். எல்லோரும் பார்க்க, பொது வகுப்பில்.

அதிபருக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். நேர்மாறாக நடந்தது. மனைவி கைவிட்ட மனிதர் என்று நாடே உருகியது. கருத்துக்கணிப்பில் அவர் ஏறிக்கொண்டே போனார். கிராமத்துப் பெண்கள் ஊறுகாய் ஜாடி ஜாடியாக அனுப்பினார்கள். தொலைக்காட்சியில் அவர் சாண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "அவள் நல்லாயிருக்கட்டும்" என்றார். அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் நிஜமா என்று அந்தப் பதிவை நான் பலமுறை போட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன் பிரய்லாவுக்குப் போனேன். சாண்டாவோடு மீன் வாங்கப் போனபோது கடைக்காரர் தராசைத் துணியால் மூடினார்.

"எங்கம்மாவோட பென்ஷனைத் தின்ன வாய்க்கு எங்கிட்ட மீன் கிடையாது. நடையைக் கட்டு!"

சாண்டா திரும்பி நடந்தாள். தெருவில் எனக்குத்தான் தாங்கவில்லை.

"நெசத்தைச் சொல்லிட வேண்டியதுதானே, மேடம்? நான் சாட்சி சொல்றேன்."

"நீயே என்னை முழுசா நம்பலையே. அந்த மீன்காரர் நம்புவாரா?"

அவள் கையிலிருந்த வெறும் கூடையை நான் வாங்கிக்கொண்டேன்.

அவர் மறுபடி வென்றார். பதவியேற்பு நாளில், யாரும் எதிர்பாராமல், சாண்டா சாம்பல் நிறக் கோட்டில் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள். சதுக்கமே ஆரவாரித்தது. குளிர்காலம் முடிவதற்குள் அதிபர் தன் கட்சியை நெருக்கி, குறைத்த ஓய்வூதியத்தைப் பழையபடி கொடுக்க வைத்தார். காலைக்குரல் எழுதியது: 'மனைவியின் பிடி தளர்ந்தது; அதிபரின் மனம் வென்றது.'

வேலையை விட்டுப் போகும் முன் சாண்டாவிடம் கேட்டேன்.

"திரும்பி வர்றதுக்கு விலை பென்ஷனா, மேடம்?"

"அவனுக்கு மேடையில பக்கத்துல ஒரு ஆளு வேணும். எனக்கு அந்தக் கிழவிங்களுக்குக் காசு வேணும்."

"ஊரு இன்னமும் உங்களைத்தான் திட்டுது."

"திட்டட்டும். மீன்காரரோட அம்மாவுக்குப் பணம் வந்துடுச்சாம். அக்கா சொன்னா."

"அதிபரை மன்னிச்சுட்டீங்களா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே முற்றத்தில் அதிபர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். மேலே நிமிர்ந்து கையசைத்தார். அவளும் சிரித்துக்கொண்டே கையசைத்தாள். முற்றத்தில் புகைப்படக்காரர்கள் யாராவது நிற்கிறார்களா என்று நான் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.