ஓன்னோவின் பாதி வாக்கியம்

ஊஸ்டர்ஹெம் ஜூடோ கழகத்தில் மல்லாந்து விழுகிற எவரும் வேறு யாருடைய வாக்கியத்தையோ சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். புதிய விரிப்புகள் வந்து இறங்கிய அக்டோபர் மாதத்திலிருந்து இது நடந்துவருகிறது. முதலில் விழுந்தவர் தபால்காரர். எதிராளி அவரை இடுப்பில் ஏற்றிப் புரட்டிப் போட்டதும், "கன்னுக்குட்டிய உள்ள கட்டு, மழை வருது" என்று ஒரு கிழவியின் குரலில் சொன்னார். அவரிடம் கன்றுக்குட்டி எதுவும் கிடையாது, அன்றைக்கு மழையும் இல்லை. அடுத்து விழுந்தது பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியை. "மார்கிரீத், அந்த மீசைய எடுத்துடு" என்று கட்டைக்குரலில் கெஞ்சினார். விழுந்தவர்களுக்குத் தாங்கள் சொன்னது காதில் விழவில்லை. பயிற்சியாளர் ஹிடேதான் ஊரின் பல் மருத்துவரும் என்பதால், இரண்டு பேரின் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பற்கள் நன்றாகவே இருந்தன. பயிற்சி தொடர்ந்தது.

விரிப்புகள் துறைமுகத்தை ஒட்டிய மெத்தைக் கொட்டகையிலிருந்து வந்தவை. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் பாதிப்பேர் தூக்கிப் போடுகிற மெத்தைகள் அங்கேதான் வந்து குவியும். நனைந்தவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காய்ந்தவற்றின் விளிம்பைக் கத்தியால் கிழித்து, உறையை முயல் தோலை உரிப்பதுபோல உரித்து, ஸ்பிரிங்குகளை இரும்புக் குவியலிலும், பஞ்சை ஒரு பக்கமும், ஃபோமை ஒரு பக்கமும் எறிவார்கள். ஃபோமைப் பொடிப்பொடியாக அரைத்து, பசை சேர்த்து, நீராவியில் வைத்து அழுத்தினால் பலகைபோல் கெட்டியாகிவிடும். பச்சை ரெக்ஸின் போர்த்தினால் ஜூடோ விரிப்பு. முப்பது நாற்பது வருடம் வாயை வைத்துப் படுத்தவர்கள் அதற்குள் பேசியதெல்லாம் நீராவிக்கும் பசைக்கும் மசியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கொட்டகையிலிருந்து விசாரிக்க வந்த பொறியாளர் தானும் ஒரு தடவை விழுந்து, "அம்மா, பன்னிக்கு எட்டுக் காலு" என்று அழுதுவிட்டு எழுந்து, தரம் திருப்திகரம் என்று அறிக்கை எழுதிக்கொண்டு போனார்.

ஊர் ஒரே மாதத்தில் பழகிக்கொண்டது. கறிக்கடைக்காரர் மூன்றாம் வரிசை நாலாவது விரிப்பில் செத்துப்போன தன் அப்பாவின் குரலை அடையாளம் கண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து மச்சானைத் தள்ளிவிட்டுக் கேட்டுப் போனார். மொத்தம் அறுபத்து நான்கு விரிப்புகள். எதில் விழுந்தால் யார் பேசுவார் என்று, தெரிந்தவரையில், ஹிடே ஒரு வரைபடம் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அந்த வரைபடத்தின் முன்னால் ஒரு வியாழக்கிழமை வெகுநேரம் நின்றவள் ரென்ஸ்கே. கொட்டகையில் இருபத்தேழு வருடமாக மெத்தை கிழிக்கிறவள், வயது அறுபத்து மூன்று. அவள் கணவன் ஓன்னோ கால்வாய்ப் பாலத்தை ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தான். போன பிப்ரவரியில் பாலம் மேலே தூக்கியிருந்தபோதே செத்துப்போனான். பதினோராம் நாள் ரென்ஸ்கே அவர்களுடைய இரட்டை மெத்தையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோய், வேலை தெரிந்தவள் தான் இருக்கும்போது இன்னொருவர் ஏன் கத்தி வைக்க வேண்டும் என்று, தன் கையாலேயே கிழித்து எறிந்தாள். அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. விரிப்புகள் பேசுகின்றன என்று தெரிந்த பிறகுதான் அந்த மெத்தை எந்த விரிப்புக்குள் போனது என்று தேடத் தொடங்கினாள்.

காரணம் இதுதான். முப்பத்தோரு வருடமாக ஓன்னோ தூக்கத்தில் ஒரே வாக்கியத்தைத்தான் பேசினான். "ரென்ஸ்கேகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று தொடங்குவான். அந்த இடத்தில் அவளுக்கு ரத்தம் கொதித்து முழங்கை தானாக அவன் விலாவில் இறங்கிவிடும். அவன் மெத்தையில் வாயைப் புதைத்து மீதியை முணுமுணுப்பான், அவளுக்கு ஒன்றும் கேட்காது. தூங்குகிறவனை இடித்துவிட்டோமே என்று பாவமாகிப்போய், போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டு, பாதத்தைச் சுற்றிச் செருகியும் விடுவாள். காலையில் கேட்டால் ரொட்டியில் பாலாடைக்கட்டியை அடுக்கியபடி, எதுவும் ஞாபகமில்லை என்பான். இடிக்காமல் பொறுத்துக் கேட்டுவிடுவது என்று எத்தனையோ முறை முடிவெடுத்தாள். முழங்கை கேட்கவில்லை. இப்போது மீதிப் பாதி அந்தக் கூடத்தில் எங்கோ கிடக்கிறது. பக்கத்து ஊர் ஹார்லிங்கனில் ஒரு பெண் இருந்திருப்பாளோ? தன் பட்டாணி சூப்பை அவன் வெறுத்திருப்பானோ? இரண்டில் எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை. சோறு இறங்காத நிலைக்கு வந்ததும் ஜூடோவில் சேர்ந்தாள்.

மெத்தை தூக்கிப் பழகிய உடம்பு. டிசம்பருக்குள் பாதிரியாரையும், மேயரையும், தபால்காரரை ஒன்பது தடவையும் போட்டுவிட்டாள். விழுந்தவரின் வாய்க்கருகே குனிந்து கேட்பாள், தலையை ஆட்டுவாள், அடுத்த விரிப்புக்குப் போவாள். அறுபத்து மூன்று விரிப்புகள் முடிந்தன. ஓன்னோ இல்லை. மிச்சம் இருந்தது ஜன்னலோரத்து விரிப்பு ஒன்றுதான். கடைசியாகச் செய்தது, இயந்திரம் சிக்கிக்கொண்டு இரண்டு மடங்கு அழுத்திவிட்டதாம். யார் விழுந்தாலும் அது வாய் திறக்கவில்லை. நூறு கிலோவுக்குக் குறையாத ஆள் வேண்டும் என்றார் ஹிடே. ஊரில் அப்படி ஒருத்திதான் உண்டு, ரென்ஸ்கேயின் பக்கத்து வீட்டு ஆக்கே. வேலிச் செடியின் உயரம் பற்றிய சண்டையில் ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

ரென்ஸ்கே போய்க் கதவைத் தட்டினாள். ஆக்கே விஷயம் முழுவதையும் நின்றபடியே கேட்டாள்.

"ஒன்பது வருஷமா என் மூஞ்சியப் பாக்கல. இப்ப வந்து என்னைத் தூக்கிப் போடணும்ங்கிற."

"ஒரே ஒரு தடவை, ஆக்கே."

"வேலிய வெட்டுவியா?"

"இடுப்பளவுக்கு வெட்டிடறேன்."

"முட்டியளவுக்கு."

ரென்ஸ்கே அன்று மதியமே முட்டியளவுக்கு வெட்டினாள்.

வியாழக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. ஆக்கே வெறுங்காலோடு விரிப்பில் தேவாலயக் கோபுரம்போல நின்றாள். முதல் தடவை ரென்ஸ்கேதான் சறுக்கினாள். இரண்டாம் தடவை இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்கினார்கள். மூன்றாவதில் ஆக்கேயின் கால்கள் தரையை விட்டுக் கிளம்பின. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, துறைமுகத்தில் வாத்துகள் எழுந்து பறந்தன. ஆக்கேயின் வாயிலிருந்து ஓன்னோ பேசினான்.

"ரென்ஸ்கேகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். காலு சில்லுன்னு இருக்கு. இப்படிச் சொன்னாத்தான் போர்வைய இழுத்து விடுவா."

ரென்ஸ்கே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடிவாங்கிய விலா ஒன்றும், செருகிய போர்வைகள் பல்லாயிரமும் அவள் கண்முன்னே போய்வந்தன.

"நான் என்ன சொன்னேன்?" என்றாள் ஆக்கே, படுத்தவாக்கில்.

"காலு சில்லுன்னு இருக்காம்."

ஆக்கே தன் வெறுங்காலைப் பார்த்தாள். "ஆமா, இருக்கு" என்றாள்.

அதற்குமேல் ரென்ஸ்கேயால் அடக்க முடியவில்லை. இடைக்கச்சை அவிழ்ந்துபோகும்வரை சிரித்தாள், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்திருப்பேனே, மடையன், என்று எல்லோரிடமும் முறையிட்டாள். கூட்டம் கலைந்த பிறகு அந்த ஜன்னலோரத்து விரிப்பில் குப்புறப் படுத்து, பச்சை ரெக்ஸினில் வாயை அழுத்தி ஏதோ சொன்னாள். ஹிடே திரும்பி நின்றுகொண்டு ஏற்கெனவே மூடியிருந்த அலமாரியை மூடினார். மறுநாளிலிருந்து ரென்ஸ்கேக்குச் சோறு இறங்கியது. ஜூடோவை விடவில்லை, ஆக்கேயையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வசந்தத்தில் மாகாணங்களுக்கு இடையிலான போட்டி ஊஸ்டர்ஹெமில் நடந்தது. பக்கத்து மாகாணமான குரோனிங்கனிலிருந்து வந்திருந்த நூற்றுப் பத்து கிலோ வீரன் ஒருவன் ஜன்னலோரத்து விரிப்பில் தடாலென்று முதுகு பட விழுந்து, ரென்ஸ்கேயின் குரலில், "எனக்கு அப்பவே தெரியும், சும்மா படு" என்றான். அவளுக்கு அப்போது எதுவும் தெரியாது என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். நடுவர் வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து, கையை உயர்த்தி முழுப் புள்ளி கொடுத்துவிட்டு, அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.