அக்கா வீட்டுக் கடப்பு

பிரஷாந்திக்கு எது நடந்தாலும் வாயில் வருவது ஒரே பேச்சுத்தான்: "இதோட போச்சே." மாரியில் அடுப்படிக் கூரை ஓட்டோடு இறங்கியபோது, சோற்றுப் பானை தப்பியதைக் காட்டிச் சொன்னாள். புருஷன் ஜெயந்தனின் தோணி எஞ்சின் நடு வாவியில் நின்றுபோய், மனுஷன் அரைநாள் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தபோது, கொப்புளம் போட்ட கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். கீரி மூன்று கோழிகளைக் கொண்டுபோனது. நாலாவது நிற்கிறதே என்றாள்.

"உன்ர தலையில தேங்காய் விழுந்தாலும், குலையோட விழல்லயே எண்டு சொல்லுவாய்" என்பான் ஜெயந்தன்.

சொல்லுவாள்தான். கேலிக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவள்.

இந்த வருஷம் மாசியில் மகள் ஆர்த்திகாவுக்கு டெங்கு வந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையிலேயே கிடந்தாள் பிரஷாந்தி. அந்த எட்டு நாளும் அந்தப் பேச்சு அவள் வாயில் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளை எழுந்திருந்து, "அம்மா, பாணும் பருப்பும் வேணும்" என்று கேட்டபோது, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க அழுதாள். அழுது முடித்த கையோடு கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். வைகாசிச் சடங்குக்கு வீடு வீடாகப் போய்ச் சேலை மடியை ஏந்தி, அம்மன் பேரில் அரிசி வாங்கி, அதைப் பொங்கலுக்குக் கொடுப்பதாக. மடிப்பிச்சை என்பார்கள். இருக்கிறவர்களும் எடுப்பார்கள், இல்லாதவர்களும் எடுப்பார்கள், அதில் வெட்கமில்லை.

"ஏழு வீட்டில எடுத்தாக் காணுமே" என்றான் ஜெயந்தன்.

"ஊர் முழுக்க எடுக்கப் போறன்."

"இந்த வெயிலுக்கயா? உனக்கென்ன விசரா?"

"பிள்ளைய முழுசாத் தந்தவளுக்கு அரைகுறையாச் செய்ய ஏலா."

சொன்னது உண்மைதான். ஆனால் முழு உண்மையும் அதுவல்ல. மிச்ச உண்மை கோயில் வீதியின் கடைசிப் பக்கத்தில், பச்சைத் தகரக் கதவு போட்ட வேலிக் கடப்புக்கு உள்ளே இருந்தது. அது அவளுடைய அக்கா யோகராணியின் வளவு.

அம்மா போனபோது பிரஷாந்திக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. தலை பின்னிவிட்டது, பேன் பார்த்தது, முதல் சேலைக்கு மடிப்பெடுத்துக் கொய்யகம் பிடித்துவிட்டது எல்லாம் அக்காதான். அப்படிப்பட்ட அக்கா, மூன்று வருஷத்துக்கு முன் மகள் தனுஷியா பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குப் புருஷன் பக்கத்துச் சனத்தையெல்லாம் வெற்றிலைத் தட்டோடு வாசலுக்குப் போய் அழைத்தாள். கூடப்பிறந்தவளுக்கு வட்ஸ்அப்பில் ஒரு கார்ட் வந்தது. தோகை விரித்து ஆடுகிற மயில் ஒன்று, கீழே 'கட்டாயம் வரவும்'. கூடப்பிறந்தவளுக்கு என்ன வெற்றிலை என்று அக்கா நினைத்தாள். கூடப்பிறந்தவளுக்குப் போனிலா என்று தங்கச்சி நினைத்தாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் வில்லங்கம். ஒருத்தி பிழை என்றால் மற்றவள் எப்போதோ மன்னித்திருப்பாள்.

பிரஷாந்தி போகவில்லை. சடங்கு வீட்டு ஒலிபெருக்கிப் பாட்டு இரண்டு ஒழுங்கை தாண்டி வந்து அவளுடைய குசினிக்குள் கேட்டது. அன்று சமைத்தாள், சாப்பிடவில்லை. "எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்ல" என்று அக்கா சொன்னதாகப் பொழுது சாய முன்னமே உப்புப் புளி போட்டுக் கதை வந்து சேர்ந்தது. அதன்பிறகு சந்தையில் ஒருத்தி மீன் பார்த்தால் மற்றவள் மரக்கறிப் பக்கம் போய்விடுவாள்.

இந்த ஒன்றுக்குத்தான் அவளால் "இதோட போச்சே" சொல்ல முடியவில்லை. ஒருநாள் சட்டி கழுவும்போது தனியே சொல்லிப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டுக் கழுவின சட்டியையே திரும்பவும் தேய்த்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளர் பார்க்கும் நேரம் வந்தால் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டு நாளும் பார்த்தாள். அக்கா வரவில்லை.

தானாகப் போய் அந்தக் கதவைத் தட்ட ரோசம் விடாது. ஆனால் மடிப்பிச்சைக்குப் போகிறவள் பிரஷாந்தி இல்லை, அம்மனுடைய ஆள். வரிசையில் ஒரு வீட்டையும் விட்டுப்போகக் கூடாது, வந்தவளை ஒரு வீடும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அக்கா வந்தே ஆக வேண்டும். தங்கச்சி வலியப் போனாள் என்று ஒரு குருவியும் சொல்ல முடியாது. அம்மனையே சாட்டாக வைத்த கள்ளி! அவளுக்கு அது தெரியும். அம்மனுக்கும் தெரிந்திருக்கும், பெண்தானே என்று விட்டிருப்பாள்.

வருஷத்தில் ஒருதரம் சடங்குக்குத் திறக்கிற கோயில் கதவு, திங்கட்கிழமை திறந்தது. செவ்வாய்க்கிழமை புறப்படலாம் என்றிருந்தவளுக்கு அன்று விடியவே மாதவிலக்கு வந்துவிட்டது. "றோட்டில வெச்சு வராமப் போச்சே" என்று மூலையில் இருந்தாள். சனிக்கிழமை தலை முழுகிப் புறப்பட்டால், பத்து வீடு முடிய, வைகாசியில் இல்லாத மழை ஒன்று கொட்டி மடியரிசி எல்லாம் ஊறிப்போனது. அரிசியைப் பாயில் உலர்த்திவிட்டு வானத்தைப் பார்த்தாள். ஞாயிறு ஒருநாள்தான் மிச்சம். அன்று பின்னேரத்துக்குள் அரிசி கோயிலுக்குப் போக வேண்டும், அடுத்த நாள் அம்மனைக் குளிரப்பண்ணும் குளிர்த்தி பாடிக் கதவு சாத்தினால் இனி அடுத்த வைகாசிதான்.

ஞாயிறு கச்சான் காற்று நெருப்பாக அடித்தது. மஞ்சள் சேலை, கையில் வேப்பங்கொத்து, காலில் ஒன்றுமில்லை. "அம்மாளாச்சிக்கு மடிப்பிச்சை, தாயே!" என்று கடப்புக் கடப்பாக நின்றாள். ஒரு சுண்டு அளந்து போட்டவர்களும் உண்டு, ஒரு கைப்பிடி போட்டவர்களும் உண்டு. கோயில் வீதித் திருப்பத்தில் முள்ளுக்கம்பி வேலி சேலையைப் பிடித்து இழுத்தது. சர்ரென்று கிழிந்த சத்தம் கேட்டது. "சேலையோட போச்சே, தோல் கிழியல்ல" என்று உதறிவிட்டு நடந்தாள். எங்கே கிழிந்தது என்று குனிந்து பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. பச்சைக் கதவு தெரியத் தொடங்கியிருந்தது.

கடப்படியில் வந்து நின்றதும் குரல் வரவில்லை. இருபத்தெட்டு வீட்டில் வந்த குரல். எதிர்வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தரந்தான், "அம்மாளாச்சிக்கு..." என்று பாதிக் குரல் வந்தது.

யோகராணி சுளகில் அரிசியோடு வந்தாள். முன்னந்தலை நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டியிருந்தது. இந்த நரை எப்போது வந்தது, இதை யார் முதலில் பார்த்துச் சொன்னார்கள் என்று பிரஷாந்தி அந்த நரையையே பார்த்தாள். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. மடிக்குள் அரிசியைச் சரித்தாள். கை படவில்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு ஒருதரந்தான்.

"அம்மாளாச்சி காப்பாத்துவா" என்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பிரஷாந்தி திரும்பினாள். இவ்வளவு ஏங்கினது இதுக்குத்தானா என்று கண் முட்டியது.

"நில்லு புள்ள."

அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பத்திலிருந்து கடப்படி வரை மெல்லிய வெள்ளைக் கோடாக அரிசி சிந்திக் கிடந்தது. நாலைந்து கோழிகள் அதைப் பொறுக்கிக்கொண்டே வந்தன. மடியைக் குனிந்து பார்த்தாள் பிரஷாந்தி. பாதி இல்லை.

"எல்லாத்தையும் கொட்டிக்கொண்டு வந்திரிக்கன் அக்கா" என்று சிறுபிள்ளை போல விம்மினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அக்கா என்ற சொல் இப்படியா வர வேண்டும்!

யோகராணி தன் சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். தங்கச்சிக்கு முன்னால் குந்தி, கிழிசலை ஒன்றாகப் பிடித்து, மடித்து, ஊசியைக் குத்தினாள். "இன்னும் உனக்குச் சேலைய ஒழுங்காப் பிடிக்கத் தெரியா" என்றாள். விரல்கள் வயிற்றில் பட்டன. அந்த உச்சந்தலையை மேலே நின்று பார்த்தபடி, மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று பிரஷாந்தி அசையாமல் நின்றாள்.

"அழாத. பாதி மிச்சம் கிடக்குத்தானே" என்றாள் அக்கா. "இதோட போச்சே."

அப்போதுதான் பிரஷாந்திக்கு நினைவு வந்தது. அது அவளுடைய பேச்சே இல்லை. அம்மா செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து சனமெல்லாம் போன பிறகு, வெறும் வீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, "எனக்கு நீயாவது மிச்சமிரிக்காய், இதோட போச்சே" என்று அக்கா சொன்ன பேச்சு.

எழுந்த அக்கா இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. "நேர்த்திய மூணு நாளைக்கு எண்டு வெச்சிருக்கலாமே புள்ள. ஒரு வீட்டுக்கு ஒருக்கா எண்டா, மறுகா எப்ப வருவாய்?"

நாளைக்கே வாறன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன ரோசம் முந்திக்கொண்டது. "வெத்தில வெச்சுக் கூப்பிட்டா வருவன்."

சொன்னதும் நாக்கைக் கடித்தாள். யோகராணி திரும்பி உள்ளே போய்விட்டாள். எதிர்வீட்டுப் பெண் வேலியை விட்டு இறங்கவேயில்லை. கையால் கிடைத்ததை வாயால் கெடுத்தேனே என்று பிரஷாந்தி கடப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவும் கால் வரவில்லை, கூப்பிடவும் வாய் வரவில்லை.

உள்ளே ஏதோ தட்டு விழுந்த சத்தம் கேட்டது. யோகராணி வேகமாக வந்தாள். மடியிலிருந்த அரிசிக்கு மேலே ஒரு வெற்றிலையையும் பாதிப் பாக்கையும் வைத்தாள். வெற்றிலை ஓரம் வாடியிருந்தது.

"செவ்வாய்க்கிழமை பகலைக்குச் சாப்பிட வா. பிள்ளையையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வா" என்றாள். இப்போது நேரே முகத்தைப் பார்த்தாள். "கூப்பிட்டாச்சு. கார்ட் அனுப்பல்ல."

"ஓம் அக்கா. வாறன்."

வீதியில் இன்னும் நாலு வீடு மிச்சமிருந்தது. ஊசி குத்தின மடியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிரஷாந்தி அடுத்த கடப்புக்கு நடந்தாள்.